டீன் வந்தபின் போகிறேன் என்ற அம்மையாருக்கு

தார்ன்பெக் நகரம், ஃபர்த் அண்ட் கிம்பர் சொலிசிட்டர் அலுவலகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் குற்றவியல் பிரிவைத் தனித் தோளில் தாங்கி நின்று, இன்று பணி ஓய்வு பெறும் திருமதி ரோசலிண்ட் பிக்கர்ஸ்கில் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உள்ளம் உடைந்து அளிக்கும் மடல்

அன்பும் அதட்டலும், அறிவும் அரவணைப்பும் ஒருங்கே அமைந்த அம்மையீர்!

கூண்டில் தலைகுனிந்து நின்றோர்க்கெல்லாம் துணைநின்ற தோழமையே! தார்ன்பெக் நீதிமன்றத்தின் தேய்ந்த படிகளைத் தங்கள் தட்டைச் செருப்பால் மேலும் தேய்த்த தளராத் தாளினரே! மாஜிஸ்திரேட்டுகளின் மதிய உணவு நேரத்தை மனப்பாடமாய் அறிந்து, அவர்கள் பசித்திருக்கையில் ஜாமீன் மனுவைப் பைக்குள் வைத்து, புசித்து வந்தபின் எடுத்து நீட்டிய மதியூகியே! வழக்கு தோறும் வென்றீரோ இல்லையோ, வழக்கு தோறும் குடையை மறந்துவிட்டு வந்த வள்ளலே! நீதிமன்றக் காவலர் வீடுகளில் இன்று மழைக்குப் பஞ்சமுண்டு, குடைக்குப் பஞ்சமில்லை. வணங்குகிறோம், வாழ்த்துகிறோம். வழியனுப்பவும் வந்திருக்கிறோம், ஆனால் அதற்குத்தான் வாய் எழவில்லை.

இந்த அலுவலகத்தில் விடைபெறுவோர்க்கு மடல் வாசிப்பது பழைய வழக்கம். அதில் ஓரிரு பொய்கள் கலப்பதும் வழக்கமே. மூத்தவர் ஃபர்த் ஓய்வு பெற்றபோது மடல் எழுதியவர் நீங்கள்தான். கையில் மூன்றாவது கோப்பையோடு அமர்ந்திருந்தவரை 'மதுவின் மயக்கறியா மாண்பாளரே' என்று விளித்தீர்கள். அவரும் கண்கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆகவே சென்ற வாரம் நீங்கள் எங்கள் மேசைக்கு வந்து நின்றபோது பொய்க்குத் தடை போடப்போகிறீர்கள் என்று நினைத்தோம். நீங்கள் கேட்டது வேறு.

"எனக்கு எழுதறதுல அந்த லண்டன் கேஸை மட்டும் சேக்காதீங்க. மத்தபடி என்ன பொய் வேணும்னாலும் எழுதிக்கோங்க."

மன்னிக்க வேண்டும் அம்மையீர்! லண்டன் வழக்கை விட்டுவிட்டு உங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தோம். எதுகை வந்தது, மோனை வந்தது, நீங்கள் மட்டும் வரவில்லை. எனவே உங்கள் கோரிக்கையைத் தள்ளுபடி செய்துவிட்டோம். இதற்கு மேல்முறையீடு கிடையாது.

முதலில் புகழ வேண்டியதைப் புகழ்ந்துவிடுகிறோம். தண்டனை என்பது இந்த நாட்டில் ஒரு கூட்டல் கழித்தல் கணக்கு. குற்றத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொடக்கம், கையில் கத்தி இருந்தால் அதற்கு மேல் கொஞ்சம், மனம் வருந்தினால் அதில் கொஞ்சம் குறைவு, முதலிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு கழிவு. இதை நீதிபதிகள் அரை மணி நேரம் படித்துச் சொல்வார்கள். கூண்டில் நிற்பவனுக்கு ஒன்றும் விளங்காது. நீங்களோ நீதிமன்றத்தின் அடித்தளத்துச் சிறையறையில், கதவின் சதுர ஓட்டை வழியே, ஒரு நிமிடத்தில் விளங்க வைப்பீர்கள்.

"பாருப்பா, அவர் ஆறு வருஷம்னு ஆரம்பிப்பாரு. நீ பயந்து தலை சுத்தி விழுந்துடாத. ஒப்புக்கிட்டதுக்கு மூணுல ஒரு பங்கு போனா நாலு. நாலுல பாதி உள்ள, பாதி வெளிய. உள்ள இருந்தது ஏற்கெனவே மூணு மாசம். அதையும் கழி. அடுத்த அடுத்த கிறிஸ்துமஸுக்கு உங்கம்மா சுட்ட வான்கோழி உனக்குத்தான். புரியுதா?"

உள்ளே இருப்பவன் விரல் விட்டு எண்ணுவான். எண்ணி முடித்ததும் முகம் தெளியும். வெளியே வரும் நாள் தெரிந்தவன் உள்ளே பிழைத்துக்கொள்வான் என்று நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள். எத்தனையோ பேரை உங்களால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் ஒவ்வொருவனுக்கும் ஒரு தேதியைக் கையில் கொடுத்து அனுப்பினீர்கள். ஒருவனுக்கு மட்டும் அது முடியவில்லை. அவனைப் பற்றித்தான் எழுத வேண்டாம் என்கிறீர்கள்.

டீன் க்ராப்ட்ரீக்கு அப்போது இருபத்தொரு வயது. குடித்துவிட்டு, ஒரு திருப்புளியைக் காட்டி, பீட்சா கொண்டுவந்த ஆளிடம் கைப்பேசியையும் இருபது பவுண்டையும் பிடுங்கிக்கொண்டான். செய்தது அயோக்கியத்தனம்தான். அந்த மனிதர் பயந்துபோய் வேலையையே விட்டுவிட்டார் என்று நீங்களே நீதிமன்றத்தில் சொன்னீர்கள், மறைக்கவில்லை. டீன் முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஆனால் பதினேழு வயதில் மதுக்கடைச் சண்டையில் ஒருவன் மூக்கை உடைத்து அதற்கும் தண்டனை பெற்றிருந்தான். அதனால் புதிய சட்டத்தின் வாயில் நேராகப் போய் விழுந்தான். இரண்டாம் முறை இப்படி வந்தவன் ஊருக்கு ஆபத்தானவன் என்றே கொள்ள வேண்டும் என்றது சட்டம். ஆபத்தானவனுக்குக் காலவரையற்ற சிறை. நீதிபதி ஒரு குறைந்தபட்சக் காலத்தைச் சொல்வார். அது முடிந்ததும் விடுதலை இல்லை. பரோல் வாரியம் அவனைக் கூப்பிட்டு, இவனால் இனி ஆபத்தில்லை என்று திருப்திப்பட்டால் விடுவிக்கும். திருப்திப்படாவிட்டால் மறுபடி கூப்பிடும் வரை இருக்க வேண்டும். எத்தனை முறை என்பதற்கு எல்லை எதுவும் இல்லை.

நீதிபதி குறைந்தபட்சம் மூன்று ஆண்டு என்றார். சட்டப்படி அதில் பாதியைக் கழித்திருக்க வேண்டும். புதுச் சட்டம், அவசர நாள், மறந்துவிட்டார். அதைப் பிடித்தவர் நீங்கள்தான், அம்மையீர்! தீர்ப்பு சொல்லி முடிக்கும் முன்பே உங்கள் பேனா தாளில் இரண்டு கோடு போட்டுவிட்டது. லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மனு போனது. அதில் இரண்டு முறையீடுகள் இருந்தன. பாதியைக் கழிக்கவில்லை என்பது ஒன்று. இவன் ஆபத்தானவனே அல்ல, குடித்துத் தடுமாறிய முட்டாள், காலவரையற்ற சிறையே தவறு என்பது மற்றொன்று.

வாதிட அமர்த்திய பாரிஸ்டர் ஜூலியன் ஃபேன்ஷா, வெள்ளி முடியும் வெண்ணெய்க் குரலும் கொண்டவர். விசாரணைக்கு முந்தின நாள் தொலைபேசியில் அவர் பேசியதை நீங்கள் ஒலிபெருக்கியில் போட்டிருந்தீர்கள். அலுவலகமே கேட்டது.

"ரோஸ், அந்த ரெண்டாவது விஷயத்தை விட்டுடுவோம். பாதி கழிக்காதது கையில வந்து விழுந்த பழம். ஆபத்தானவனா இல்லையான்னு ஆரம்பிச்சா மூணு நீதிபதிகளும் மூஞ்சியைச் சுளிப்பாங்க. பழத்தை எடுத்துக்கிட்டு வந்துடலாம்."

"இப்ப விட்டா அப்புறம் எழுப்ப முடியுமா, ஜூலியன்?"

"அப்புறம்னு ஒண்ணு எதுக்கு வரப்போகுது? ஒன்றரை வருஷத்துல பையன் வீட்டுல உக்காந்து கால்பந்து பாப்பான்."

 நீங்கள் சரி என்றீர்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. வெளியாளாக இருந்தால், 'அவனை எப்போ விடுவாங்க, அதைச் சொல்லு' என்று கேட்டிருப்பான். நாம்தான் எந்த முறையீடு பலமானது, எது பலவீனமானது என்று தராசில் போட்டுப் பார்ப்போம்.

லண்டனுக்கு நீங்களும் டீனின் தாய் ஷீலாவும் காலை ரயிலில் போனீர்கள். பொரித்த மீன் கடையில் அன்றைக்கு விடுப்புக் கேட்டு, முட்டை சாண்ட்விச் கட்டிக்கொண்டு வந்திருந்தார் ஷீலா. வழக்கு பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. கீழ் நீதிமன்ற நீதிபதி பாதியைக் கழிக்கத் தவறிவிட்டார், மூன்று ஆண்டு ஒன்றரை ஆண்டாகிறது, மேல்முறையீடு அந்த அளவுக்கு ஏற்கப்படுகிறது என்று முடித்துவிட்டார்கள். கம்பிக்குப் பின்னால் நின்ற டீன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். வெளியே நடைபாதையில் ஷீலா உங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"அடுத்த கோடையில வந்துடுவான்ல, கண்ணு?"

நீங்கள் தலையசைத்தீர்கள்.

அன்று மாலை இந்த அறையில் பன்றிக்கறி வைத்துச் சுட்ட 'பை' பலகாரமும் பியரும் ஓடின. மேல்முறையீடு என்பது நூற்றுக்குத் தொண்ணூறு தோற்கும் வேலை. வென்று வந்தவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடாமல் என்ன செய்வது? அதன் பிறகு இங்கே வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் முதல் வாரமே அந்தக் கதை சொல்லப்பட்டது. நீங்கள் சொல்லவில்லை. சொன்னவர்கள் நாங்கள்.

அடுத்த கோடை வந்தது. டீன் வரவில்லை.

பரோல் வாரியத்துக்கு முன்னால் போக வேண்டுமென்றால் கோபத்தை அடக்கும் வகுப்பில் தேறியிருக்க வேண்டும் என்றார்கள். அந்த வகுப்பு வேறொரு சிறையில்தான் நடந்தது. நீண்ட காலக் கைதிகளை அங்கே அனுப்பினார்கள். நீங்கள் வென்று கொடுத்த ஒன்றரை ஆண்டால் டீன் குறுகிய காலக் கைதியாகிவிட்டான். உள்ளூர்ச் சிறையிலேயே இரு என்றார்கள். ஒரு வழியாக இடம் மாறி, வரிசையில் நின்று, அவன் வகுப்பை முடித்தபோது, அந்த வகுப்பால் பயனில்லை என்று வேறொன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். முதல் விசாரணை தள்ளிப்போனது. இரண்டாவதில், நீ ஏன் எரிச்சலாக இருக்கிறாய் என்று கேட்டார்கள். எரிச்சலாக இருப்பதால் ஆபத்தானவன் என்று திருப்பி அனுப்பினார்கள். நீங்கள் ஒவ்வொரு முறையும் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அதற்கு அரசு கொடுத்த கட்டணம் உங்கள் காரின் பெட்ரோலுக்கே போதவில்லை.

இதற்கிடையில் நாடாளுமன்றத்துக்கே வெட்கம் வந்தது. இந்தத் தண்டனை தவறு என்று அதை ஒழித்தார்கள். நீங்கள் வானொலிப் பெட்டியின் மேல் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். இனிமேல் யாருக்கும் கிடையாது, ஏற்கெனவே பெற்றவர்களுக்கு அப்படியே தொடரும் என்று செய்தியாளர் சொன்னார். பெட்டியை அணைத்துவிட்டு மேசைக்குப் போனீர்கள். 

ஒரு முறை வெளியே வந்தான். எட்டாவது ஆண்டில், விடுதி ஒன்றில் தங்க வேண்டும், மாலை ஏழுக்குள் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு. வந்தவன் நேராக இந்த அலுவலகத்துக்கு வந்து, உங்கள் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "கதவைத் திறந்து வைக்கட்டுமா, மிஸஸ் பிக்கர்ஸ்கில்? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?" என்று கேட்டான். ஐந்து மாதம் ஒழுங்காக இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பேருந்து வரவில்லை. தாமதமானான். விடுதியில் சத்தம் போட்டார்கள், இவனும் பதிலுக்குச் சத்தம் போட்டான். மறுநாள் காலை காவல்துறை வந்து உள்ளே கொண்டுபோய் விட்டது. புதுக் குற்றம் ஒன்றுமில்லை. மறுபடி பரோல் வாரியம், மறுபடி வகுப்பு, மறுபடி வரிசை.

அப்போதுதான் அம்மையீர், தாங்கள் அந்தப் பழைய இரண்டாவது முறையீட்டைத் தூசு தட்டி எடுத்தீர்கள். இரண்டு மனநல மருத்துவர்களின் அறிக்கை, சிறை அதிகாரி ஒருவரின் சான்று, எல்லாம் சேர்த்து, இவன் அன்றும் ஆபத்தானவன் அல்ல, இன்றும் அல்ல என்று மனு எழுதினீர்கள். இந்த அலுவலகத்திலிருந்து அதைவிடச் சிறந்த மனு போனதில்லை. காலம் கடந்ததற்கான விளக்கத்தையும் பணிந்து எழுதியிருந்தீர்கள். பதில் சுருக்கமாக வந்தது. மனுவின் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கே அவர்கள் போகவில்லை. ஒரு தண்டனைக்கு ஒரு மேல்முறையீடுதான். டீன் க்ராப்ட்ரீயின் மேல்முறையீடு ஏற்கெனவே விசாரிக்கப்பட்டு முடிந்துவிட்டது. இரண்டாவது என்று ஒன்று சட்டத்தில் இல்லை.

அப்போது உங்கள் அறையில் இருந்தவர் நம் நதீம் அக்தர். வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன, லண்டன் வெற்றிக் கதையை எங்களிடம் கேட்டு வாய் பிளந்தவர். நீங்கள் தாளை அவரிடம் நீட்டினீர்கள். அவர் படித்துவிட்டு, "மேடம், அன்னிக்கு நாம தோத்திருந்தாலும் இதே கதிதானே?" என்று ஆறுதல் சொல்லப் பார்த்தார்.

"அன்னிக்கு நாம போகாமலே இருந்திருக்கணும், நதீம். அந்த ஒரு சீட்டு இப்ப கையில இருந்திருக்கும். நான் அதைக் குடுத்து ஒன்றரை வருஷம் வாங்கிட்டு வந்தேன். வாங்கிட்டு வந்து பன்றிக்கறி 'பை' தின்னு கொண்டாடினேன்."

இனி மிச்சமிருந்தது ஒரே வழி. தீர்ந்துபோன வழக்குகளை மறுபடி பார்த்து, தகுதி இருந்தால் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பும் ஆணையம். அங்கே போனீர்கள். அவர்கள் கேட்டது, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்பதுதான். அன்றே தெரிந்திருந்த வாதத்தை அன்றே கைவிட்டீர்களே, ஏன்? அதற்கு விளக்கம் கேட்டு ஃபேன்ஷாவுக்கு எழுதினீர்கள். அவர் இப்போது நீதிபதி. அன்றைய சட்டத்தின்படி தாம் சொன்ன ஆலோசனை சரியானதே என்று மிக அழகான ஆங்கிலத்தில் பதில் எழுதினார். இன்றைய விழாவுக்கும் பூங்கொத்து அனுப்பியிருக்கிறார். அது நுழைவாயிலில், குடை நிறுத்தும் இடத்தில் இருக்கிறது. வேண்டுமானால் போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுகள் ஓடின. உங்கள் அறுபதாவது பிறந்தநாளுக்கு நம் அலுவலக டோரீன் கேக் சொல்லியிருந்தார், மேலே சர்க்கரையில் தராசு வரைந்து. ஓய்வு அறிவிக்கப் போகிறீர்கள் என்று எல்லோரும் கைகட்டி நின்றோம். "டீன் வந்த பிறகு போறேன்" என்றீர்கள். கேக்கை மட்டும் வெட்டினீர்கள். இரண்டு வருடம் கழித்து மறுபடி கேக், மறுபடி அதே பதில். மூன்றாவது முறை டோரீன் தொலைபேசியில் சொன்னபோது கேக் கடைக்காரர், "அந்தம்மா உண்மையிலேயே போறாங்களா, இல்ல கேக் மட்டும்தானா?" என்று கேட்டாராம். அன்று எல்லோரும் சிரித்தோம். அன்று வந்திருந்த ஷீலாவும்தான் சிரித்தார். வருடா வருடம் கோடையில் இங்கே வந்து, உங்களுக்கு எதிரே உட்கார்ந்து, தேநீரைக் குடித்துவிட்டு, அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போவார்.

"நாம லண்டன்ல ஜெயிச்சோம்தானே, கண்ணு?"

"ஜெயிச்சோம், ஷீலா."



இந்த வசந்தத்தில் ஆணையத்தின் முடிவு வந்தது. புதிதாக ஒன்றுமில்லை, தண்டனை விதித்த நாளில் சட்டப்படி சரியானதே, திருப்பி அனுப்ப இயலாது. அதே மாதம் நம் பங்குதாரர்களும் கூடி முடிவெடுத்தார்கள். அரசு கொடுக்கும் சட்ட உதவிப் பணத்தில் குற்றவியல் பிரிவை இனி நடத்த முடியாது. வீடு வாங்குவோர்க்கும் உயில் எழுதுவோர்க்கும் மட்டுமே இனி இந்தக் கதவு திறக்கும். தார்ன்பெக்கில் இரவில் பிடிபடுகிறவனுக்கு இனி பக்கத்து நகரத்திலிருந்து யாராவது வந்தால் உண்டு. நதீமுக்கு வீட்டுப் பத்திரப் பிரிவில் மேசை ஒதுக்கியிருக்கிறார்கள். நீங்கள் போகவில்லை, அம்மையீர்! உங்கள் காலடியில் இருந்த தரையை எடுத்துவிட்டார்கள். அதற்குத்தான் இந்த நான்காவது கேக்.

சென்ற மாதம் நதீமை அழைத்துக்கொண்டு டீனைப் பார்க்கப் போனீர்கள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனீர்களாம். ஒத்திகை பார்க்காமல் நீதிபதிகளிடமே பேசக்கூடியவர் நீங்கள். டீனுக்கு இப்போது நாற்பது. முன்தலை வழுக்கை. பார்வையாளர் அறையில் நீங்கள் வாங்கிக் கொடுத்த தேநீரையும் சாக்லேட்டையும் தொடாமல், கைகளை மேசைக்கு மேலே தெரியும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்படி உட்காரச் சொல்லி இப்போது யாரும் அவனிடம் சொல்வதில்லை. அங்கே நடந்ததை நதீம் எங்களுக்குச் சொன்னார். இந்த மடலில் எழுதலாமா என்று யோசித்தோம். எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எதற்கு?

"டீன், நான் ஓய்வு பெறப்போறேன்ப்பா."

"அப்படியா? எப்போ?"

"அடுத்த மாசம். கடைசி வெள்ளிக்கிழமை."

அவன் நிமிர்ந்து பார்த்தான். முகம் மலர்ந்தது என்றார் நதீம். குத்தலும் இல்லை, பொறாமையும் இல்லை, உண்மையான மகிழ்ச்சி.

"தேதி குடுத்துட்டாங்களா உங்களுக்கு? முன்னாடியே சொல்லிட்டாங்களா? அட, ரொம்ப நல்லது மிஸஸ் பிக்கர்ஸ்கில்! அதைப் பிடிச்சுக்கோங்க. கடைசி நேரத்துல ஏதாவது சொல்லி மாத்திடப் போறாங்க."

 திரும்பும்போது சிறையின் கார் நிறுத்துமிடத்தில் குடையை மறந்துவிட்டு வந்தீர்கள். நதீம் அதை எடுக்கத் திரும்பிப் போகவில்லை, அவருக்கும் அந்த வாசலை இன்னொரு முறை பார்க்கத் தெம்பில்லை.

இனி வாழ்த்த வேண்டும். மரபுப்படி நூறாண்டு வாழ்க என்று முடிக்க வேண்டும். கை வரவில்லை, அம்மையீர்! முடிவு தெரியாத நீண்ட காலத்தை ஒருவருக்கு வாழ்த்தாகச் சொல்ல, இருபது ஆண்டுகளாக அந்த வழக்கின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு நாக்கு கூசுகிறது. 'கவலையை விடுங்கள், டீனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று எழுதவும் துணியவில்லை. நதீம் பார்ப்பார், பத்திர வேலை போக மிஞ்சும் நேரத்தில், கட்டணமின்றி, எந்த வாசலைத் தட்டுவது என்று தெரியாமல். ஷீலாவுக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. மகன் வருவது முந்துமா, தாய் போவது முந்துமா என்று எங்களுக்குத் தெரியாது. மடல் என்றால் நம்பிக்கையோடு முடிய வேண்டும் என்பார்கள். எங்களிடம் இல்லாததை எப்படி எழுதுவோம்?

இருப்பதைத் தருகிறோம். தங்கள் கால்வலி குறையட்டும். தங்கள் தோட்டத்து ரோஜாக்கள் நத்தைகளிடமிருந்து ஜாமீனில் வெளிவரட்டும். இரவில் தொலைபேசி அடித்தால் அது பேரப்பிள்ளையாக இருக்கட்டும், காவல் நிலையமாக இருக்க வேண்டாம். வழக்கமாகத் தரும் மேசைக் கடிகாரத்தை இம்முறை வாங்கவில்லை. குடை வாங்கியிருக்கிறோம், கைப்பிடியில் உங்கள் பெயர் பொறித்து. மறக்காதீர்கள் என்று சொல்லிப் பயனில்லை. பிறகு, தங்களுக்குத் தேதி கிடைத்தது, அம்மையீர்! தங்களிடம் தேதி வாங்கிப்போன ஆயிரம் பேரும் அந்த நாளில் வெளியே வந்து நேராக வீட்டுக்குப் போனார்கள். தாங்களும் போக வேண்டும். வாசலில் நின்று திரும்பிப் பார்க்கக் கூடாது. இது நாங்கள் சொல்வதல்ல, மூன்றாவது வரிசையில் முட்டை சாண்ட்விச் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஷீலா க்ராப்ட்ரீ எழுதச் சொன்னது.

இந்த மடலுக்குச் சட்டம் போட்டாயிற்று. கண்ணாடி மட்டும் போடவில்லை. கையெழுத்துகளுக்குக் கீழே ஓரிடம் காலியாக விட்டிருக்கிறோம், டீன் நேரில் வந்து போட வேண்டும் என்று. கண்ணாடியை எத்தனை நாள் எடுத்து வைத்திருக்கட்டும் என்று சட்டம் போடுகிறவர் கேட்டார். 

தங்கள் தோல்விகளையும் தங்கள் ஒரே வெற்றியையும் கூட இருந்து பார்த்த,

நதீம் அக்தர்
டோரீன் ஹாப்வுட்
மற்றும் ஃபர்த் அண்ட் கிம்பர் அலுவலகத்தார்

அலுவலகத்தைச் சேராதவராயினும், ஷீலா க்ராப்ட்ரீ

………………………………